இறங்காத சோறு

எங்கள் தொழிலில் நோயாளி வருவதில்லை, பாட்டில்தான் வரும். பேத்தாலஜிஸ்ட்டின் மேசைக்கு வந்து சேர்வது ஃபார்மலினில் கிடக்கும் சதைத் துணுக்கும், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ஒரு சீட்டும். எண்பதுகளின் கடைசியில் வடசென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பாட்டில்கூடக் காலியான பெனிசிலின் குப்பிதான். வாய் குறுகல். உள்ளே அரிசிமணி அளவில் நாலைந்து துணுக்குகள் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் லேப் டெக்னீஷியன் அண்ணன் குப்பியைக் கவிழ்த்து வடிதாளில் தட்டித் தட்டி எடுப்பார். ஒரு துணுக்கு தவறினாலும் அந்த ஆளுக்கு மறுபடி குழாய் விட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவசரப்படுத்தினால் கோபம் வரும்.

சீட்டில் ஒரே வரிதான். விழுங்கச் சிரமம், இரண்டு மாதம். முன்பற்களிலிருந்து 28 செ.மீ. தூரத்தில் வளர்ச்சி. அந்த எண்ணை வைத்தே பாதிக் கதையைச் சொல்லிவிடலாம். முன்பல்லிலிருந்து அளந்தால் உணவுக்குழாய் சுமார் 15 செ.மீ.இல் தொடங்கி 40இல் இரைப்பையோடு சேர்கிறது. 28 என்றால் நடுப்பகுதி. நாங்கள் படித்த புத்தகங்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அச்சானவை. அங்கே அப்போது குழாயின் அடிப்பகுதியில், நெஞ்செரிச்சலும் உடற்பருமனும் பின்னணியாக, சுரப்பிச் செல்களின் புற்றான அடினோகார்சினோமா ஏறிக்கொண்டிருந்தது. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அதற்கான பக்கங்கள் கூடும். எங்கள் குப்பிகளில் அது அபூர்வம். எங்களுக்கு வந்தவை 25, 28, 30. லென்ஸுக்கு அடியில் வைத்தால் தட்டைச் செல்களின் புற்று, ஸ்குவாமஸ் கார்சினோமா. நடுவே இளஞ்சிவப்பில் சுருண்டு கிடக்கும் கெரட்டின் முத்துகள். வாய்ப்புற்றின் ஸ்லைடையும் இதையும் பெயரை மறைத்து வைத்தால் பிரித்துச் சொல்ல முடியாது. எங்கள் பேராசிரியர் இதை வகுப்பில் ஒரு விளையாட்டாகவே நடத்துவார். அதில் எவ்வளவு விஷயம் இருந்தது என்று தெரிய 2017 வரை ஆயிற்று.

நோயாளியை நேரில் பார்க்க எங்களுக்கு வாய்த்த ஒரே இடம் ஊசிப் பரிசோதனை அறை. கழுத்திலோ அக்குளிலோ கட்டியோடு வருபவர்களுக்கு ஊசி குத்திச் செல் எடுப்பது அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் பேத்தாலஜிஸ்ட்டின் வேலை. இடது காறையெலும்புக்கு மேலே இறுகிப்போன நெறிக்கட்டியோடு ஓர் ஆள் உள்ளே வந்தால் ஊசியை எடுக்கும் முன்பே கேட்பேன்.

"சோறு சாப்பிட முடியுதாண்ணே?"

"அத்த ஏம்மா கேக்குற. ரெண்டு மூணு மாசமா எறங்க மாட்டேங்குது. கஞ்சித்தண்ணிதான் போவுது. அதுக்குத்தான் ஆஸ்பத்திரி வந்தேன். இந்தக் கட்டிய மொதல்ல காட்டுன்னு இங்க அனுப்பிட்டாங்க."

இப்படிச் சொன்னவர் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர், கல்மண்டபத்துக்காரர். பேசும்போதே குரல் கம்மியிருந்தது. குரல்வளைக்குப் போகும் இடது நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே மேலே ஏறுகிறது. அந்த வழியில் உள்ள நெறிக்கட்டிகள் வீங்கினால் நரம்பு நசுங்கும், குரல் கம்மும். ஆக ஸ்லைடைப் பார்க்கும் முன்பே புற்று எங்கே தொடங்கி எவ்வழியே போயிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. பாப் சாயத்தில் கெரட்டின் நிறைந்த செல்கள் பளிச்சென்று ஆரஞ்சாகத் தெரிந்தன. ரிப்போர்ட் எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறார்கள் என்று வெளியூர் மாணவர்கள் கேட்பார்கள். குழாய் விரிந்துகொடுக்கும், பாதிக்கு மேல் அடைபட்டால்தான் சோறு நிற்கத் தொடங்கும். அப்போதும் மனிதர் சமாளிப்பார். ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு வாய் தண்ணீர். பிறகு சோற்றை விட்டு இட்லி, இட்லியை விட்டுக் கஞ்சி. வீட்டில் வாயுத்தொல்லை என்பார்கள். கூலி போகும் என்பதால் மருத்துவமனைக்கு வரும் நாள் தள்ளிப்போகும். இந்த மாதங்களில் புற்று சும்மா இருப்பதில்லை.

சீட்டில் 'பழக்கங்கள்' என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் காலியாகத்தான் வரும். ஊசி அறையில் நானே கேட்டு நிரப்பிக்கொண்டேன். தொண்ணூறுகளில் பீடி, சாராயம், வெற்றிலையோடு புகையிலை. காசிமேட்டில் வலை பின்னுபவர்களும் மீன் விற்கும் அக்காக்களும் இடுப்புச் சுருக்குப்பையில் வெற்றிலையையும் புகையிலையையும் வைத்திருப்பார்கள். விடியற்காலை ஏலத்துக்குப் போகிறவர்களுக்குப் பசியை அடக்க அதுதான். பிறகு பாக்கெட் குட்கா வந்தது. தமிழ்நாட்டில் 2001இல் தடை, நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை, 2013இல் மறுபடி தடை. நடுவில் மாவா பரவியது. பாக்கையும் புகையிலையையும் சுண்ணாம்போடு பாலித்தீன் தாளில் வைத்துத் தேய்த்துப் பொட்டலமாக விற்பார்கள். இளைஞர்கள் வாயில் அதுதான். 1993 முதல் 1999 வரை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டிலும் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திலும் ஆண் நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. புகைப்பது, மெல்வது, குடிப்பது ஆகிய மூன்றும் தனித்தனியே உணவுக்குழாய்ப் புற்றின் அபாயத்தைக் கூட்டுகின்றன, சேரும்போது இன்னும் கூட்டுகின்றன என்று அது எண்ணிக் காட்டியது. எங்கள் காலிக் கட்டத்துக்கு அதுதான் விடை.

பழக்கம் எதுவும் இல்லாதவர்களும் வந்தார்கள். பல வருடம் ரத்தசோகையோடு வாழ்ந்த பெண்களுக்குக் குழாயின் உச்சியில், குரல்வளைக்குப் பின்னால் வரும் புற்று தென்னிந்தியப் பேத்தாலஜிஸ்ட்டுகளுக்குப் பழகியது. இரும்புச்சத்துக் குறைவில் அந்த இடத்துச் சவ்வு மெலிந்துபோகிறது. இன்னொரு கூட்டம், இளவயதில் பாத்ரூம் ஆசிட் குடித்துப் பிழைத்தவர்கள். தழும்பால் குறுகிய குழாயைப் பல வருடம் அகலப்படுத்திக்கொண்டே வாழ்ந்து, ஐம்பது வயதில் அந்தத் தழும்பிலேயே புற்றோடு வருவார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் பொது, ஆறி ஆறித் திரும்பத் திரும்பப் புண்ணாகும் சவ்வு. அப்போது இதைக் குறித்துக்கொண்டேனே தவிர அதன் கனம் விளங்கவில்லை. எங்கள் தலைமுறை வேறொன்றைத் துரத்திக்கொண்டிருந்தது.

அது பி53. 1979இல் கண்டுபிடித்தபோது அதைப் புற்றை வளர்க்கும் புரதம் என்றே கருதினார்கள். பத்தாண்டு கழித்து விஷயம் தலைகீழானது. டி.என்.ஏ. கெட்டுப்போன செல் பிரியாமல் தடுப்பதும், சரிசெய்ய முடியாவிட்டால் அதைச் சாகவிடுவதும்தான் பி53இன் வேலை. 1990இல் மோனிகா ஹோல்ஸ்டீன், கர்ட்டிஸ் ஹாரிஸ் குழுவினர் உணவுக்குழாய்ப் புற்றுகளில் இந்த மரபணு அடிக்கடி பழுதாகியிருப்பதைக் காட்டினார்கள். சில ஆண்டுகளில் பி53 எதிர்ப்பொருள் சின்னஞ்சிறு குப்பியில் எங்களுக்கும் கிடைத்தது. ஒரு சொட்டைக்கூட வீணாக்காமல் பிரித்து வைத்தோம். நல்ல பி53 உருவான கையோடு அழிந்துவிடும், அதனால் நிறம் ஏறாது. பழுதானது அழியாமல் கருவுக்குள் சேர்ந்துகொண்டே போகும், ஸ்லைடில் அடர்பழுப்பாக நிற்கும். சிலவற்றில் ஒரு செல்லில்கூட நிறம் இருக்காது; அன்று அதை நார்மல் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். புரதமே உருவாகாத அளவுக்கு மரபணு உடைந்திருந்தாலும் அப்படித்தான் தெரியும் என்பது பின்னால் வந்த அறிவு.

அந்தப் பழுப்பு என்னைத் தொந்தரவு செய்தது வேறொரு காரணத்தால். புற்றிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, வழக்கமான சாயத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாத சவ்விலும் அங்கங்கே திட்டாகப் பழுப்புக் கருக்கள். வாய்ப்புற்றைச் சுற்றியுள்ள பரப்பு முழுதுமே கெட்டுப்போயிருக்கிறது என்று அமெரிக்காவில் ஸ்லாட்டர் 1953இலேயே எழுதியிருக்கிறார். அவருக்கு மரபணு தெரியாது, எங்களைப் போல ஸ்லைடு மட்டும்தான். ஆனால் திட்டுத் திட்டாகப் பழுது கிடக்கும் அத்தனை இடத்தில் ஏன் ஓர் இடத்தில் மட்டும் புற்று எழுகிறது? கருத்தரங்குகளில் இதைக் கேட்டால், மற்ற இடங்களும் காத்திருக்கின்றன, காலம் போதவில்லை என்பார்கள். எனக்கு அது திருப்தியாக இல்லை. என் கையில் வேறு பதிலும் இல்லை.

அறுவைக்குப் பிறகு முழுக்குழாய் வரும் நாள் துறையில் தனி நாள். மெழுகுப் பலகையில் விரித்துக் குண்டூசி குத்தி வைப்போம். ஃபார்மலினில் சுருங்கினால் விளிம்பின் அளவு பொய்யாகிவிடும். சென்னை மருத்துவக் கல்லூரியில் என். ரங்கபாஷ்யம் இரைப்பை-குடல் அறுவை சிகிச்சையைத் தனித்துறையாக வளர்த்ததிலிருந்து நகரில் இந்த அறுவைக்கு ஒரு பள்ளி உருவாகியிருந்தது. நெஞ்சைத் திறக்காமல் வயிற்றிலிருந்தும் கழுத்திலிருந்தும் கைவிட்டுக் குழாயை எடுக்கும் முறையை அமெரிக்காவில் ஆரிஞ்சர் 1978இல் பரப்பினார். இங்கும் அது நெடுங்காலம் புழங்கியது. நுரையீரல் மோசமான பீடிக்காரர்களுக்கு அது வசதி. எங்கள் பக்கம் குறை, நெஞ்சுக்குள் இருக்கும் நெறிக்கட்டிகள் வராது. 2006இல் கோவை சி. பழனிவேலு குழுவினர் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து நெஞ்சுக்குள் தோராகோஸ்கோப்பி முறையில் செய்த அறுவைகளை வெளியிட்டார்கள். அந்தப் பாணி பரவப் பரவ, மேசையில் எண்ண வேண்டிய நெறிக்கட்டிகள் கூடின. ரிப்போர்ட் கனத்தது.

இந்தக் குழாயை அறுத்துப் பார்த்தவர்களுக்கு அது ஏன் இவ்வளவு பொல்லாதது என்று விளங்கும். குடலுக்கும் இரைப்பைக்கும் வெளியே மூடியிருக்கும் வழவழப்பான உறை இதற்குக் கிடையாது. தசையைத் தாண்டினால் அடுத்தது நேராக மூச்சுக்குழாய், பெருந்தமனி. உள்ளேயோ நிணநீர் நாளங்கள் சவ்வின் மேலடுக்கு வரை வந்துவிடுகின்றன. குறுக்கே ஓடாமல் நீளவாக்கில் மேலும் கீழும் ஓடுகின்றன. பெருங்குடலில் இதே ஆழத்தில் இருக்கும் புற்றை நிம்மதியாகப் பார்ப்போம். இங்கே சவ்வுக்கு அடுத்த அடுக்கைத் தொட்டுவிட்டாலே ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நெறிக்கட்டியில் செல் போயிருக்கும். புற்று நெஞ்சில், முதல் நெறிக்கட்டி கழுத்தில் அல்லது வயிற்றில், நடுவில் ஒன்றுமில்லை. மேல் விளிம்பு சுத்தம் என்று கண்ணால் பார்த்துச் சொன்ன இடத்தில், உறையவைத்து உடனே பார்க்கும் ஸ்லைடில் சவ்வுக்கு அடியில் ஒரு நாளம் நிறையப் புற்றுச்செல் இருக்கும். அறுவை அறைக்குப் போன் போட்டு, "சார், இன்னும் ரெண்டு சென்டிமீட்டர் வேணும்" என்று சொல்வது இளம் பேத்தாலஜிஸ்ட்டுக்கு எளிதல்ல. மறுமுனையில் இருப்பவர் ஆறு மணி நேரமாக நின்றுகொண்டிருப்பார்.

பரவுவதைப் பற்றி நான் கற்றதில் பெரும்பகுதி புற்றின் விளிம்பில்தான். நடுவில் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்காக இருக்கும். அவற்றை ஒட்டவைக்கும் இ-கேட்ஹெரின் புரதத்துக்குச் சாயம் போட்டால் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பழுப்புக் கோடு. ஆழத்தில், தசையைத் துளைக்கும் முனையில், கோடு மங்கும், அறும். செல்கள் ஒன்றிரண்டாகப் பிரிந்து, நீண்டு, நார்த்திசுச் செல்களின் சாயலுக்கு மாறி நகரும். அதே நோயாளியின் நெறிக்கட்டியைப் பார்த்தால் மறுபடி கூட்டமாகச் சேர்ந்து, இ-கேட்ஹெரின் கோடு திரும்ப வந்து, கெரட்டின் முத்துகூட உருட்டியிருக்கும். இதை முதலில் பார்த்தபோது ஸ்லைடு மாறிவிட்டதோ என்று எண்ணைச் சரிபார்த்தேன். பரவுவதற்கென்று தனி மரபணுப் பழுது ஒன்று இருந்தால் அது திரும்பி வராது. இதுவோ வேண்டும்போது அணைத்து வேண்டும்போது போட்ட விளக்கு. சுற்றியுள்ள திசு, ஆக்சிஜன் குறைவு, அழற்சிச் செல்கள் விடும் சமிக்ஞைகள் ஆகியவை செல்லை அந்த நிலைக்குத் தள்ளுகின்றன. புதிய இடம் கிடைத்ததும் செல் பழைய நிலைக்குத் திரும்புகிறது. நிணநாளங்களை வளர்க்கும் வி.இ.ஜி.எஃப்.-சி என்ற புரதத்தைப் புற்றே சுரந்து தன் வழியை அகலப்படுத்திக்கொள்வதும் உண்டு.

அதற்குள் உலகம் முழுதும் மரபணுப் பட்டியல் நீண்டுகொண்டிருந்தது. செல்லை அடுத்த பிரிவுக்கு உந்தும் சைக்ளின் டி1 பெருகியிருக்கிறது. அதற்கு பிரேக் போடும் பி16 தொலைந்திருக்கிறது. வளர்ச்சிச் சமிக்ஞையை வாங்கும் இ.ஜி.எஃப்.ஆர். செல்லின் மேல் குவிந்திருக்கிறது. பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மருந்து வரும் என்பது எங்கள் தலைமுறையின் நம்பிக்கை. இ.ஜி.எஃப்.ஆர்.மீது எனக்கே நிறைய நம்பிக்கை இருந்தது. எந்த ஸ்லைடை எடுத்தாலும் பழுப்பு. 2013இல் பிரிட்டனில் கதிர்வீச்சோடும் கீமோவோடும், இ.ஜி.எஃப்.ஆரைத் தடுக்கும் செட்டுக்சிமாப் சேர்த்த ஆய்வில் மருந்து பெற்றவர்களே முன்னதாக இறந்தார்கள். மறு ஆண்டு ஜெஃபிட்டினிப் ஆயுளைக் கூட்டவில்லை. 2017இல் அமெரிக்க ஆய்விலும் செட்டுக்சிமாபால் பயனில்லை. ஒரு புரதம் ஏராளமாக இருக்கிறது என்பதும், புற்று அதை நம்பி உயிர்வாழ்கிறது என்பதும் ஒன்றல்ல. பழுப்பை மட்டும் பார்த்து இதைப் பிரித்தறிய முடியாது.

2017 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் 164 உணவுக்குழாய்ப் புற்றுகளின் மரபணு வரைபடம் வந்தது. தட்டைச் செல் புற்று தலை-கழுத்துப் புற்றோடு சேர்கிறது. அடினோகார்சினோமா இரைப்பைப் புற்றின் ஒரு வகையோடு சேர்கிறது. ஒரே குழாயில் இருப்பதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. முன்னதில் சைக்ளின் டி1, சாக்ஸ்2, டி.பி.63 பெருகியிருக்கும், பின்னதில் ஹெர்2, காட்டா4. எங்கள் பேராசிரியர் பெயரை மறைத்து விளையாடிய விளையாட்டு மரபணு அளவில் உறுதியானது. அவருக்கு அப்போது வயது எண்பதுக்கு மேல். போனில் சொன்னேன். "அதுக்கு நூத்தி அறுபத்து நாலு கேஸ் வேணுமாக்கும்" என்றார். இரண்டு நோயையும் ஒரே ஆய்வில் கலந்து மருந்து கொடுத்துவிட்டுச் சராசரி பார்த்த வருடங்களை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

என் பழைய கேள்விக்குப் பதில் அடுத்த ஆண்டு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கேம்பிரிட்ஜ் அருகே சேங்கர் நிறுவனத்தார், புற்றே இல்லாத உறுப்புதானம் செய்தவர்களின் உணவுக்குழாயை நுண்ணிய துண்டுகளாக வெட்டி மரபணு படித்தார்கள். நடுவயதைத் தாண்டியவர்களின் ஆரோக்கியமான சவ்வில் 12 முதல் 80 சதவீதம் வரை செல்கள் நாட்ச்1 மரபணுவில் பழுதானவை. பி53 பழுதும் 2 முதல் 37 சதவீதம் வரை. வேடிக்கை என்னவென்றால் புற்றுக்குள் நாட்ச்1 பழுது இதைவிடக் குறைவு, பத்தில் ஒன்றுதான். வயது ஏற ஏறப் பழுதான செல் கூட்டங்கள், எண்ணூர்க் கரையில் புறம்போக்கைப் பிடிக்கும் குடும்பங்கள்போல, ஒன்றையொன்று நெருக்கி இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இதில் எல்லாக் கூட்டமும் கெட்டதல்ல. 2021இல் எலிகளில் காட்டினார்கள், இப்படிப் பரவிய நாட்ச்1 கூட்டங்கள் அப்போதுதான் முளைக்கும் புற்றுகளை நெருக்கித் தள்ளிக் குழாயிலிருந்தே வெளியேற்றிவிடுகின்றன. நான் தொண்ணூறுகளில் பார்த்த பழுப்புத் திட்டுகள் காத்திருந்த புற்றுகள் அல்ல. பெரும்பாலானவை வாழ்நாள் முழுதும் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடும் அக்கம்பக்கத்தவை.

அப்படியானால் எது முடிவு செய்கிறது? ஊசி அறையில் இதே கேள்வி வேறு வடிவில் வரும். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஓய்வுபெற்றவரை மகன் அழைத்து வந்தார்.

"எங்கப்பா ஒரு பீடி புடிச்சதில்ல டாக்டரம்மா. குடி கெடையாது. கம்பெனிப் பொகதான காரணம்?"

இந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய எனக்கு மனமில்லை. ராயபுரத்தில் 2011 வரை ஜன்னலைத் திறந்தால் துறைமுக நிலக்கரித் தூள் மேசையில் படியும். பிறகு நிலக்கரி எண்ணூருக்குப் போனது. தூளும் கூடவே போனது. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றில். 2023 டிசம்பரில் ஒரே மாதத்தில் எண்ணெய்க் கசிவும் அம்மோனியா கசிவும். வெளிக்காற்று மாசு நுரையீரல் புற்றுக்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013இல் உறுதி செய்தது. உணவுக்குழாய்க்கு அப்படி ஒரு முடிவு இல்லை. அந்த மகனிடம் இதை அப்படியே சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. காற்றைச் சுத்தம் செய்யக் கேட்க நுரையீரலும் இதயமும் போதுமான காரணம், இந்தப் புற்றைச் சாட்சிக்கு இழுக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.

வெளியிலிருந்து வரும் நஞ்சு டி.என்.ஏ.வில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போகும். சிகரெட்டுக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று. ஈரான், சீனா, கென்யா, பிரேசில் உட்பட எட்டு நாடுகளின் 552 தட்டைச் செல் புற்றுகளில் இந்தக் கையெழுத்துகளைத் தேடிய ஆய்வு 2021இல் வந்தது. நோய் மிகுந்த நாட்டுக்கும் குறைந்த நாட்டுக்கும் வேறுபாட்டை விளக்கும் கையெழுத்து எதுவும் கிடைக்கவில்லை. பத்தில் ஒன்பது புற்றில் இருந்தது அபோபெக், அதாவது வைரஸை வெட்ட உடலே வைத்திருக்கும் நொதி தன் டி.என்.ஏ.வையே வெட்டிய தடம். புகையிலையும் மதுவும் தடம் விட்டிருந்தாலும் பழுதுகளின் மொத்தத்தில் அவற்றின் பங்கு குறைவு. ஆனால் அடையாறு ஆய்வில் அபாயத்தைக் கூட்டியவை அவையேதான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது, இந்தப் பழக்கங்கள் பழுதை உண்டாக்குவதைவிட, சவ்வைத் திரும்பத் திரும்பப் புண்ணாக்கி, ஆறும்போது எந்தக் கூட்டம் இடத்தைப் பிடிக்கும் என்பதை மாற்றுகின்றன. ஆசிட் தழும்பும், ரத்தசோகைப் பெண்ணின் மெலிந்த சவ்வும் இந்தக் கணக்கில் ஒழுங்காக உட்காருகின்றன. 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களைப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் சந்தேகப் பட்டியலில் சேர்த்ததும் இதோடு ஒட்டுகிறது. இது ஒரு பேத்தாலஜிஸ்ட்டின் ஊகம்தான். காசிமேட்டு மக்களின் ஆரோக்கியமான சவ்வை அந்த முறையில் படித்தால் தெரிந்துவிடும் என்று பி.ஜி. மாணவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மருந்துப் பக்கம் நிஜமாகவே நிலைமையை மாற்றியவை மரபணுப் பட்டியலிலிருந்து வரவில்லை. 2012இல் நெதர்லாந்திலிருந்து வந்த கிராஸ் ஆய்வு, அறுவைக்கு முன் ஐந்து வாரம் கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்தால் பாதிப் பேர் உயிர்வாழும் காலம் 24 மாதத்திலிருந்து 49 மாதமாகிறது என்று காட்டியது. தட்டைச் செல் புற்றில் 49 சதவீதம் பேருக்கு அறுவையில் எடுத்த குழாயில் புற்றே மிஞ்சவில்லை. எங்களுக்கும் அப்படிக் குழாய்கள் வரத் தொடங்கின. முழு இடத்தையும் துண்டு போட்டுப் பார்ப்போம். தழும்பு, சுண்ணாம்புப் படிவு, செத்த கெரட்டினைச் சுற்றி அரக்கச் செல்கள், அவ்வளவுதான். உயிருள்ள புற்றுச்செல் இல்லை என்று எழுதும் முன் இன்னும் சில துண்டு வெட்டச் சொல்வேன். டெக்னீஷியன்கள் முணுமுணுத்துக்கொண்டே வெட்டுவார்கள்.

அடுத்தது நோயெதிர்ப்பு மருந்துகள். கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் பிறகு அறுவையில் எடுத்த குழாயில் புற்று மிஞ்சியிருந்தவர்களுக்கு நிவோலுமாப் கொடுத்தால் நோய் திரும்பாத காலம் 11 மாதத்திலிருந்து 22 மாதமாகிறது என்று 2021இல் முடிவு வந்தது. எங்கள் வேலை பி.டி.-எல்1 என்ற புரதம் உள்ள செல்களை எண்ணுவது. புற்றுச்செல்லில் எத்தனை, சுற்றியுள்ள நோயெதிர்ப்புச் செல்லில் எத்தனை என்று இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும். முப்பது வருடம் புற்றை மட்டும் பார்க்கச் சொன்ன தொழில், இப்போது அதன் அக்கம்பக்கத்தை எண்ணச் சொல்கிறது. மருந்தின் விலையோ மீன்பிடிக் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாதது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை தலை-கழுத்துப் புற்றில், வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, 20 மில்லிகிராம் நிவோலுமாபைக் கொடுத்துப் பார்த்து 2022இல் வெளியிட்டது. ஓராண்டு கடந்து உயிரோடிருந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 ஆனார்கள். உணவுக்குழாய்ப் புற்று அந்தப் புற்றின் உடன்பிறப்பு என்பதால் எங்கள் புற்றுநோய் மருத்துவர்கள் அதை ஆவலோடு படித்தார்கள்.

அந்த உறவை வைத்து எங்கள் பக்கத்திலும் ஒரு வேலை நடக்கிறது. வாய்ப்புற்றுக்காக வரும் ஒவ்வொருவருக்கும் உணவுக்குழாயையும் பார்த்துவிடுவது. சவ்வின் மேல் லூகால் அயோடினைத் தெளித்தால் கிளைகோஜன் நிறைந்த நல்ல செல்கள் பழுப்பாகும். கெட்ட இடம் நிறம் ஏறாமல் வெளிறி நிற்கும். சென்ற ஆண்டு தண்டையார்பேட்டைக்காரர் ஒருவருக்குக் கன்னத்தில் புற்று. அயோடின் போட்டதில் 31 செ.மீ.இல் விரல்நகம் அளவு வெளிறிய திட்டு. விழுங்க எந்தச் சிரமமும் இல்லை. எண்டோஸ்கோப் வழியாகவே சவ்வை மட்டும் உரித்தெடுத்து அனுப்பினார்கள். தெர்மோகோலில் குத்தி, இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு துண்டாக வெட்டிப் பார்த்தேன். புற்று மேலடுக்கைத் தாண்டவில்லை, விளிம்புகள் சுத்தம், நாளங்களில் எதுவும் இல்லை. ரிப்போர்ட்டை வாங்க அவரே வந்தார். ஊசி அறை வாசலில் நின்று கேட்டார்.

"மாவா வுட்டுட்டேம்மா. வெறும் பாக்கு போட்டுக்கலாமா?"

பாக்கு மட்டுமே புற்றை உண்டாக்கும் என்று புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே சொல்லிவிட்டது என்றேன்.

"கொஞ்சமா?"

"வேணாண்ணே."

ஆறு மாதத்தில் அடுத்த எண்டோஸ்கோப்பி. சீட்டில் தேதி போட்டுக் கொடுத்தேன்.